சிவப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

அக்கா மகளுக்கு நாலு வயது. லீவுக்கு வந்திருந்தபோது என் பழைய மடிக்கணினியில் டக்ஸ் பெயின்ட் என்ற ஓவிய மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன். அவள் மவுஸைப் பிடித்த விதமே வேறாக இருந்தது. நாம் விரல்களால் பிடித்து மணிக்கட்டால் நகர்த்துவோம். அவள் உள்ளங்கை முழுவதையும் மேலே கவிழ்த்து, சப்பாத்தி உருண்டையை அழுத்துவதுபோல் அமுக்கி, தோளிலிருந்து நகர்த்தினாள். மணிக்கட்டு அசையவே இல்லை.

அவளுக்குச் சிவப்பு வேண்டும். நிறங்கள் தாளுக்குக் கீழே ஒரு பட்டையாக இருக்கின்றன. அம்புக்குறி மேலிருந்து விர்ரென்று கிளம்பி, சிவப்பைத் தாண்டி, அதற்கும் கீழே உட்கார்ந்திருக்கும் பென்குயின் பொம்மை மேல் போய் நின்றது. திரும்பி மேலே வந்தாள். மறுபடி சிவப்பைத் தாண்டித் தாளுக்குள் போய்விட்டது. இடப்பக்கம் கொஞ்சம், வெள்ளை. வலப்பக்கம் கொஞ்சம், சிவப்பு. ஆனால் அழுத்துவதற்குள் கை ஆடி ஆரஞ்சுக்குப் போனது. நாக்கு வெளியே வந்துவிட்டது. ஐந்தாவது முறை சிவப்பு கிடைத்தது. பெரியவர்களுக்கு இது அரை நொடி வேலை, யோசிக்கக்கூட மாட்டோம்.

குழந்தைகளுக்கான மென்பொருள் என்றால் வட்டக் கண் வைத்த கரடியும் வானவில் எழுத்துகளும்தான் நினைவுக்கு வரும். அதெல்லாம் மேல்பூச்சு. உண்மையான வேலை திரையைப் பங்கு பிரிப்பதில் இருக்கிறது. எந்தப் பொத்தான் எங்கே, எத்தனை பெரிது, எதற்குப் பக்கத்தில் எது இருக்கக்கூடாது என்பதுதான் கேள்வி. சின்ன வீட்டில் நாலு பேர் குடியிருக்கும்போது பீரோவை எங்கே வைப்பது என்று யோசிப்போமே, அந்த மாதிரிக் கணக்கு.

இந்தக் கணக்கை முதலில் அழகாகப் போட்டுக் காட்டியது பெரியவர்களுக்கான மென்பொருள்தான். 1984இல் மக்கின்டோஷ் கணினியுடன் வந்த மேக்பெயின்ட். பில் அட்கின்சன் எழுதினார்; வாளி, சுருக்குக் கயிறு, கை போன்ற படக்குறிகளை சூசன் கேர் வரைந்தார். இடப்பக்கம் கருவிகள், கீழே நிரப்பும் கோலங்கள், நடுவில் தாள். அந்தக் கணினியின் திரை 512க்கு 342 பிக்சல். அதில் தாளுக்குக் கிடைத்த சாளரம் 416க்கு 240. பெருக்கிப் பார்த்தால் திரையில் 57 சதவீதம். மிச்சமெல்லாம் கருவிகளுக்கும் மெனுவுக்கும் போயிற்று. இன்றைக்கும் ஏறக்குறைய எல்லா ஓவிய மென்பொருளும் இந்த வரைபடத்தின் பேரன் பேத்திகள்தான்.

ஆனால் மேக்பெயின்ட்டில் மெனு இருந்தது. மெனு என்றால் மூடியிருக்கும் பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அது உதவும். அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்த கிரெய்க் ஹிக்மன், தன் மூன்று வயது மகன் பென் மேக்பெயின்ட்டோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தார். பையனுக்கு மவுஸ் பிடிபட்டுவிட்டது. ஆனால் தெரியாமல் மெனுவை இழுத்துவிடுவான், எங்கோ போய் மாட்டிக்கொள்வான், அப்பா வந்து மீட்க வேண்டும். குறை பையனிடம் இல்லை என்று ஹிக்மன் முடிவுகட்டி, தானே ஒரு மென்பொருள் எழுதினார். 1989இல் அதை இலவசமாக வெளியிட்டார். பெயர் கிட் பிக்ஸ். 1991இல் ப்ரோடர்பண்ட் நிறுவனம் அதை வாங்கி விற்க, உலகம் முழுக்கப் பள்ளிக் கணினிகளில் ஏறியது.

கிட் பிக்ஸில் இடப்பக்கம் கருவிகள். ஒரு கருவியைத் தொட்டால் அதன் வகைகள் கீழே ஒரு வரிசையாக விரியும். பென்சில் என்றால் கோட்டின் தடிமன்கள். முத்திரை என்றால் குட்டிப் படங்கள். அழிப்பான் என்றால் அழிக்கும் விதங்கள். எதுவும் மூடிய பெட்டிக்குள் இல்லை. சின்னக் குழந்தைகளுக்கென்று ஒரு ஏற்பாடும் உண்டு: அதைத் தேர்ந்தால் மேலே இருக்கும் மெனு வரிசையே மறைந்துவிடும். அழிப்பான்களில் ஒன்று வெடி. வைத்தால் தாள் முழுக்க வெடித்துச் சிதறிக் காலியாகும். எத்தனையோ பிள்ளைகள் வெடிப்பதற்காகவே வரைந்திருப்பார்கள். செய்ததை மீட்பதற்கு மெனுவில் ஒரு சொல்லை வைக்காமல் ஒரு மனித முகத்தை வைத்தார் ஹிக்மன். அழுத்தினால் ‘ஐயையோ’ என்கிற பாவனையில் குரல் கொடுக்கும். தப்புச் செய்த பிள்ளைக்குத் திட்டு விழாமல், கூடவே பதறுகிற ஓர் ஆள். இதைவிட நல்ல பொத்தானை நான் இதுவரை பார்க்கவில்லை.

டக்ஸ் பெயின்ட் 2002இல் வந்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த பில் கெண்ட்ரிக் தொடங்கியது. கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது, மூன்று முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ளவர்களுக்கு. லினக்ஸின் அடையாளமான பென்குயின் பெயரையே வைத்துக்கொண்டது. இதன் திரையைப் பாருங்கள். இடப்பக்கம் கருவிகள் இரண்டு பத்திகளாக. வலப்பக்கம், எடுத்த கருவிக்கான தேர்வுகள், அதுவும் இரண்டு பத்திகள். தாளுக்குக் கீழே நிறங்கள். அடியில் பென்குயின், நீங்கள் எடுத்த கருவியை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரியில் சொல்லும்.

ஒவ்வொரு கருவிப் பொத்தானும் 48 பிக்சல் சதுரம். முதலில் இது ஓடிய திரை 640க்கு 480. இரண்டு பத்தி என்றால் 96 பிக்சல். இரு பக்கமும் சேர்த்து 192 போய்விட்டது. அகலத்தில் தாளுக்கு மிஞ்சியது 448. உயரத்தில் நிறப்பட்டையும் பென்குயினும் எடுத்துக்கொண்டது போக 376. மொத்தத்தில் தாளுக்கு 55 சதவீதம் திரை. ஏறக்குறைய மேக்பெயின்ட்டின் கணக்கேதான். ஆனால் ஒரு வித்தியாசம். மேக்பெயின்ட் அந்த இடத்தில் நிறையக் கருவிகளையும் கோலங்களையும் பொடிப்பொடியாக அடுக்கியது. இங்கே அந்த இடம் பொத்தானைப் பெரிதாக்கப் போயிற்று.

ஏன் பெரிதாக்க வேண்டும்? இதற்கு ஒரு சமன்பாடே இருக்கிறது. அதன் சொந்தக்காரர் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானிகளிடம் அவர் கேட்டுத் தொகுத்த 460 தவறுகளின் அறிக்கை 1947இல் வந்தது. ஒரு கைப்பிடிக்குப் பதில் இன்னொன்றைப் பிடித்து இழுத்த கதைகள் அதில் ஏராளம். விமானியின் கவனக்குறைவு என்று எழுதி மூடியிருக்கலாம். கைப்பிடிகளை வைத்த இடம் சரியில்லை என்றார் ஃபிட்ஸ். ஒன்றுபோல இருக்கும் இரண்டு கைப்பிடியைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், அவசரத்தில் கை எதையாவது பிடிக்கத்தான் செய்யும்.

1954இல் அவர் செய்த சோதனை மிக எளிமையானது. இரண்டு உலோகத் தகடுகள், கையில் ஒரு குச்சி. இதையும் அதையும் மாறி மாறித் தொட வேண்டும். தகடு குறுகலானால் கை மெதுவாகும். தூரம் கூடினாலும் மெதுவாகும். இது பாட்டிக்கும் தெரியும். எவ்வளவு மெதுவாகும் என்பதுதான் அவர் கண்டது: தூரத்தின் இரு மடங்கை இலக்கின் அகலத்தால் வகுத்து, அதற்கு இரண்டை அடியாகக் கொண்ட மடக்கை எடுத்தால், நேரம் அந்த எண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

எண் போட்டுப் பார்ப்போம். 400 பிக்சல் தொலைவில் 16 பிக்சல் பொத்தான். 800ஐ 16ஆல் வகுத்தால் 50. மடக்கை ஏறத்தாழ 5.6. அதே தொலைவில் பொத்தானை 48 ஆக்கினால் 4.1. பொத்தானைப் பெரிதாக்காமல் தூரத்தைப் பாதியாக்கினால் 4.6. ஆக, பொத்தானை மூன்று மடங்கு பெரிதாக்குவது, அதைப் பாதித் தூரம் அருகில் கொண்டுவருவதைவிடப் பலன் தருகிறது. சின்னத் திரையில் எல்லாப் பொத்தானையும் அருகில் கொண்டுவர முடியாது. தாளை எங்கே வைப்பது? பெரிதாக்கத்தான் வழி.

இதெல்லாம் பெரியவர் கைக்கு. பிள்ளைகளின் கதை கொஞ்சம் வேறு. 2004இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹுவான் பாப்லோ அவுர்காதேயும் உடன் ஆய்வாளர்களும் நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகளையும் இளைஞர்களையும் ஒரே வேலைக்கு உட்கார வைத்து, அம்புக்குறி போன பாதையைப் பதிவு செய்தார்கள். இளைஞர்களின் பாதை ஏறத்தாழ நேர்கோடு. பிள்ளைகள் இலக்குக்கு அருகில் வந்துவிடுகிறார்கள், அதற்குப் பிறகுதான் பாடு. உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போய், சுற்றிச் சுற்றி அலைகிறது அம்புக்குறி. சிவப்புக்காக நாக்கை நீட்டிக்கொண்டிருந்தவளை நான் பார்த்தபோது நினைவுக்கு வந்தது அந்தப் படங்கள்தான். டக்ஸ் பெயின்ட்டிலேயே நிறக் கட்டங்கள் மற்றப் பொத்தான்களைவிடக் குறுகலானவை, எல்லா நிறமும் ஒரே வரிசையில் நிற்க வேண்டுமே. அவள் திண்டாடியதும் அந்த இடத்தில்தான். கருவிகளை அவள் அவ்வளவாகத் தவறவிடவில்லை.

கருவிகளைத் தவறவிடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மென்பொருள் முழுத்திரையில் ஓடும்போது இடப்பக்கக் கருவிகளின் வெளிப்பத்தி திரையின் விளிம்பை ஒட்டி நிற்கிறது. மவுஸை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அம்புக்குறி விளிம்போடு நின்றுவிடும், தாண்டாது. கேரம் போர்டில் சட்டத்தை ஒட்டிய காய் மாதிரி, பின்னால் சுவர் இருக்கிறது. அதாவது விளிம்புப் பொத்தானின் அகலம் கணக்குக்கு முடிவற்றது. ஆப்பிள் தன் மெனு வரிசையைத் திரையின் உச்சியிலேயே ஒட்டி வைத்ததன் பலனும் இதுதான். நடுங்கும் கைக்கு விளிம்பு ஒரு கைத்தாங்கல்.

ஒரு சின்ன எச்சரிக்கை: பிக்சல் என்பது நீள அளவு இல்லை. 2002இல் ஒரு குண்டுத் திரையில், 640 பிக்சல் அகலம் சுமார் 28 சென்டிமீட்டரில் விரிந்திருந்தால், 48 பிக்சல் பொத்தான் இரண்டு சென்டிமீட்டர், கேரம் காயின் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. இன்றைய 15.6 அங்குல மடிக்கணினியில் 1920 பிக்சல் இருந்தால் அதே பொத்தான் 9 மில்லிமீட்டருக்கும் கீழே வந்துவிடும். மென்பொருள் மாறவில்லை, கண்ணாடி மாறியது. அதனால்தான் டக்ஸ் பெயின்ட்டின் பிற்காலப் பதிப்புகளில் பொத்தானின் அளவையே வேண்டியபடி வைத்துக்கொள்ளும் வசதி வந்தது.

அளவு சரி, இடம் சரி. அடுத்து, படிக்கத் தெரியாதவரிடம் எப்படிப் பேசுவது? படக்குறி, அதன் கீழே சொல், அழுத்தினால் ஒலி, பென்குயினின் வாய்மொழி என்று நாலு பக்கமும் சொல்லிப் பார்க்கிறது டக்ஸ் பெயின்ட். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து மட்டும் கற்றிருக்கும் பிள்ளைகளுக்காக எல்லாச் சொற்களையும் பெரிய எழுத்திலேயே காட்டும் ஓர் ஏற்பாடும் அதில் உண்டு. இப்படியொரு சங்கடம் நமக்குக் கிடையாது. தமிழிலும் டக்ஸ் பெயின்ட் இருக்கிறது, தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தது. நமக்கு வேறு சங்கடம். ஆங்கிலத்தில் நாலெழுத்தில் முடிகிற ‘அன்டூ’வைத் தமிழில் ‘செயல்தவிர்’ என்றோ ‘மீளமை’ என்றோ எழுதி, 48 பிக்சல் கட்டத்துக்குள் நுழைக்க வேண்டும். எழுத்தைச் சுருக்கினால் புள்ளியும் சுழியும் கரைந்துவிடும். ‘கோடு’, ‘அழி’, ‘சேமி’ என்று வீட்டில் புழங்கும் குட்டிச் சொல்லாகப் போடுவதே மேல் என்பேன். கலைச்சொல் தூய்மையைவிட இங்கே கட்டத்தின் அகலம் பெரிது.

சேமிப்பதில் ஒரு நல்ல முடிவு எடுத்திருக்கிறார்கள். கோப்புக்குப் பெயர் கேட்பதே இல்லை. பெயர் வைக்க எழுதத் தெரிய வேண்டும், எந்த அடைவில் வைத்தோம் என்று நினைவிருக்க வேண்டும். இரண்டும் நாலு வயதில் நடவாது. அழுத்தினால் சேமித்துவிடும். திரும்ப எடுக்கும்போது வரைந்த படங்களெல்லாம் குட்டிக் குட்டியாக வரிசை கட்டி நிற்கும், தன் யானையைப் பார்த்துத் தொட்டால் போதும். பழைய படத்தை மாற்றி வரைந்து சேமித்தால் மட்டும், பழையதன் மேலேயே வைக்கவா, புதிதாக வைக்கவா என்று கேட்கும். அச்சுப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் இத்தனை நொடிக்கு மறுபடி அச்சாகாது என்று பெரியவர்கள் கட்டி வைக்கலாம். வகுப்பறையில் யாரோ ஒரு வாண்டு அழுத்திக்கொண்டே இருந்து காகிதக் கட்டைக் காலி செய்த அனுபவம் இல்லாமல் இந்த வசதி தோன்றியிருக்காது என்பது என் ஊகம்.

வடிவங்கள் வரைவதிலும் இப்படியொன்று. சதுரம், நட்சத்திரம் போன்றவற்றை முதலில் இழுத்து அளவு வைக்க வேண்டும். விட்டதும் மவுஸ் நகர்வதற்கேற்பச் சுழலத் தொடங்கும், இன்னொரு முறை அழுத்தி நிறுத்த வேண்டும். பெரிய பிள்ளைகளுக்கு இது வேடிக்கை. சின்னவர்களுக்கு மவுஸில் ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி. ‘போ, போ’ என்று உதறிப் பார்ப்பார்கள். அதனால் அந்தச் சுழலும் கட்டத்தையே எடுத்துவிடும் வசதியும் உண்டு. மூன்று வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் ஒரே சட்டை தைத்தால் இப்படி மடித்துத் தைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆண்டுகள் போகப் போக மந்திரக் கருவிகள் பெருகி, அவற்றைப் பக்கம் பக்கமாகப் பிரிக்க வேண்டி வந்தது. நல்ல கருவிகள்தான்; ஆனால் பக்கம் என்றால் மறுபடி மூடிய பெட்டி. ஹிக்மனின் மகன் மாட்டிக்கொண்ட இடத்துக்குச் சுற்றி வந்து நிற்கிறோம்.

இரண்டு நாள் கழித்து அவள் அப்பாவின் டேப்லட்டைக் கொண்டுவந்தாள். அதில் வேறு ஏதோ ஒரு ஓவியச் செயலி. பார்க்க லட்சணமாக இருந்தது: பொத்தான்கள் கொழுகொழுவென்று, தாள் திரையை நிறைத்து. விரல்தான் பென்சில், குறி வைத்து அலைகிற பாடு இல்லை. நிறங்கள் கீழ் விளிம்பை ஒட்டி ஒரே வரிசையில். விளிம்பு நல்லதென்று இப்போதுதானே சொன்னேன்?

மடியில் வைத்து வரைய ஆரம்பித்தாள். வீடு சிவப்பில் வந்தது. கூரை பாதியில் பச்சையாயிற்று.

“மாமா, பச்சை தானா வருது!”

“நீ தொட்டிருப்பே.”

“நான் தொடவே இல்ல.”

பார்த்தேன். வலக்கை விரல் கூரையில் இருந்தது. இடக்கை டேப்லட்டைத் தாங்கிப் பிடித்திருந்தது; அந்தக் கட்டைவிரலின் அடிச்சதை கண்ணாடி மேல், சரியாகப் பச்சை மேல். அதைத் தள்ளி வைக்கச் சொன்னேன். இப்போது வலக்கை மணிக்கட்டு கீழே அமர்ந்து நீலத்தைத் தொட்டது. பிள்ளைகள் வரையும்போது மணிக்கட்டைத் திரையின் கீழ் விளிம்பில் சாய்த்துக்கொள்வார்கள், ஆகவே அங்கே பொத்தான் வைக்காதீர்கள் என்று செசமி ஒர்க்ஷாப் என்ற அமைப்பு மழலையர் செயலிகளுக்கான தன் வழிகாட்டியில் 2012இலேயே எழுதிவிட்டது. மவுஸுக்கு விளிம்பு கைத்தாங்கல். விரலுக்கு அதே விளிம்பு மணிக்கட்டு சாயும் திண்ணை. திண்ணையில் அழைப்பு மணியைப் பொருத்தினால் உட்காருகிறவரெல்லாம் அடிக்கத்தான் செய்வார். டக்ஸ் பெயின்ட்டின் அடியில் பென்குயினும் ஒரு வரிப் பேச்சுமாகக் கிடந்த பட்டை, தொட்டால் படத்துக்கு ஒன்றும் ஆகாத இடம், எத்தனை நல்ல திண்ணை என்று அப்போதுதான் உறைத்தது. மவுஸ் காலத்தில் போட்டது, விரல் காலத்துக்கும் பொருந்துகிறது.

அவளுக்கு இந்த ஆராய்ச்சியில் அக்கறை இல்லை. டேப்லட்டைத் தலைகீழாகத் திருப்பினாள், நிறங்கள் மேலே போய்விடும் என்று. திரையும் கூடவே திரும்பி, நிறங்கள் சமர்த்தாக மறுபடி அவள் மடிப்பக்கமே வந்து நின்றன. இன்னொரு முறை திருப்பினாள். மறுபடியும் அதே. டேப்லட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். இடக்கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு, கோலம் போடுகிறவள் மாதிரி இடுப்பை வளைத்துக் குனிந்து, ஒற்றை விரலால் மீதிக் கூரையைச் சிவப்பாக்கினாள்.